வரத் தயங்குபவரின் கணக்கு



விடுமுறை நெருங்கினால் இப்போதெல்லாம் பல வீடுகளில் புதிதாக ஒரு பேச்சு கிளம்புகிறது. ஏலகிரி, ஏற்காடு, கொடைக்கானல், மேகமலை, கேரளத்தில் வாகமண், வயநாடு என்று மலைப்பக்கமெல்லாம் கூடாரம் போட்டுத் தங்க இடம் தருகிறார்கள். தம்பதியில் ஒருவருக்கு அதில் அடங்காத ஆசை. மற்றவருக்கோ கேட்டவுடனே முகம் வாடிவிடுகிறது. ஆசைப்படுகிறவர் முதலில் கெஞ்சுகிறார், அடுத்து மலைப் படங்களைக் காட்டுகிறார், கடைசியில் ‘உனக்கு எதிலும் ரசனை கிடையாது’ என்று கோபித்துக்கொள்கிறார். இந்த முயற்சி தொடங்கும் இடமே தவறு என்பது என் எண்ணம். வரத் தயங்குகிறவர் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். அந்த இரவில் தன் உடம்பு என்ன படும், தனக்கு எவ்வளவு வேலை சேரும், ஆபத்து வந்தால் யார் துணை என்பதுதான் அந்தக் கணக்கு. பெரும்பாலும் அது சரியாகவே இருக்கிறது. ஆகவே அவர் மனத்தை மாற்றப் பாடுபடுவதை விட்டு, அந்தக் கணக்கில் உள்ள ஒவ்வொரு வரியையும் மாற்றினால்தான் கூடாரத்து இரவு இருவருக்கும் இனிக்கும். அதை எப்படிச் செய்வது என்பதே இன்றைய பேச்சு.

‘நம் வீட்டுப் பெண்களுக்கு வெட்டவெளியில் தங்கும் பழக்கமே இல்லை, அதனால்தான் பயப்படுகிறார்கள்’ என்று சிலர் சொல்வதுண்டு. அது உண்மையில்லை. திருநெல்வேலி மாவட்டத்தில் பாபநாசத்துக்கு மேலே, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசை சமயத்தில் போய்ப் பாருங்கள். அந்த இடம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அங்கே குடும்பம் குடும்பமாக வந்து, தாமிரபரணிக் கரையில் குடில் போட்டு, பாத்திர பண்டங்களோடு தங்குகிறார்கள். பாட்டிமார், கைக்குழந்தைக்காரர்கள், புதுமணப் பெண்கள் என்று எல்லோரும் வருகிறார்கள். குலதெய்வக் கோயில்களுக்கு வேன் பிடித்துப் போய் மரத்தடியில் பொங்கிச் சாப்பிட்டு அங்கேயே படுத்து எழுந்து வருவதும் நமக்குப் புதிதல்ல. அங்கே வசதி அதிகம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் யாரையும் கெஞ்சி அழைத்துப்போக வேண்டியிருப்பதில்லை. ஏனென்றால் அந்தப் பயணம் ஒருவருடைய பொழுதுபோக்குக்காக இன்னொருவர் படும் பாடு அல்ல. எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு, வேலைக்குப் பல கைகள் உண்டு, துணைக்குத் தெரிந்த முகங்கள் உண்டு. தயக்கம் வெட்டவெளியைப் பார்த்து வருவதில்லை. தனக்கென்று எதுவும் இல்லாத ஒரு ஏற்பாட்டைப் பார்த்துத்தான் வருகிறது.

முதலில் வேலைக் கணக்கைப் பார்ப்போம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, இந்தியாவில் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குச் செலவிட்டார்கள். அத்தகைய வேலை செய்யும் ஆண்களோ 97 நிமிடங்கள். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஒரு பக்கம், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம் மறுபக்கம். இந்த ஏற்பாட்டை அப்படியே மலைக்குத் தூக்கிக்கொண்டு போனால் என்ன ஆகும்? வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர், மேடையில் அடுப்பு, கைக்கெட்டும் தூரத்தில் சாமான்கள். அங்கே குனிந்து சமைக்க வேண்டும், வாளியில் தண்ணீர் சுமந்து வர வேண்டும், டார்ச் வெளிச்சத்தில் பாத்திரம் துலக்க வேண்டும். கணவர் நெருப்பு மூட்டிவிட்டு நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருக்க, மனைவி குழந்தைகளுக்குச் சாப்பாடு போட்டு, கை கழுவி, படுக்கை விரித்து, நடு இரவில் எழும் குழந்தையை வெளியே கூட்டிப்போய் வருவது என்றால் அதற்கு விடுமுறை என்று பெயர் வைப்பது அநியாயம். அடுப்பு மூட்டுவது முதல் கடைசிக் கரண்டியைத் துலக்குவது வரை ஆசைப்பட்டவர் பொறுப்பு என்பதைக் கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்துவிட வேண்டும். ‘நானும் கூடமாட உதவுகிறேன்’ என்ற வாக்கு இங்கே போதாது. உதவி என்றால் பொறுப்பு இன்னமும் அவர் தலையில்தான் இருக்கிறது. எண்ணெய் எடுத்தாயா, தீப்பெட்டி எங்கே என்று அவரிடம் கேட்டுக்கொண்டே செய்யும் வேலையில் அவருக்கு ஓய்வு இல்லை. முதல் பயணத்தில் சமைக்கவே வேண்டாம் என்றும் சொல்வேன். புளியோதரையும் சப்பாத்தியும் கட்டிக்கொண்டு போகலாம், அல்லது இடத்துக்காரர் தரும் சாப்பாட்டையே சாப்பிடலாம். தேநீர் மட்டும் அங்கே போட்டால் போதும்.

அடுத்தது தூக்கம். கூடாரத்தை வெறுப்பவர்களில் பலர் உண்மையில் வெறுப்பது தூங்காத அந்த ஓர் இரவைத்தான். புது இடத்தில் முதல் நாள் தூக்கம் வராது என்று நம் பெரியவர்கள் சொல்வதை ஆய்வுக்கூடத்திலும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், புதிய இடத்தில் முதல் முறை தூங்கும்போது மூளையின் ஒரு பாதி மற்றப் பாதியைவிட விழிப்பாக இருந்து, சின்னச் சத்தத்துக்கும் எழுப்பிவிடுவது தெரிந்தது. அதே இடத்தில் மறுமுறை தூங்கும்போது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ‘சும்மா காற்றுச் சத்தம்தான், தூங்கு’ என்று சொல்வதால் பயன் இல்லை. காவல் காக்கும் மூளைக்கு அது கேட்காது. அதனால் சனிக்கிழமை போய் ஞாயிறு திரும்பும் ஒற்றை இரவுப் பயணம், அதுவும் ஒவ்வொரு முறையும் புதுப்புது ஊருக்கு என்றால், தயங்குகிறவருக்கு எப்போதும் அந்த மோசமான முதல் இரவு மட்டுமே வாய்க்கிறது. மொட்டை மாடியில் ஓர் இரவு அதே கூடாரத்தில், அதே படுக்கையில், வீட்டுத் தலையணையோடு படுத்துப் பார்ப்பது நல்ல தொடக்கம். மலைக்குப் போனபின், பிடித்த இடம் அமைந்தால் மறுபடியும் அங்கேயே போவது அதைவிட நல்லது.

தூக்கத்தைக் கெடுப்பதில் குளிருக்குத்தான் முதல் இடம். ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் வீதம் வெப்பம் குறையும் என்பது பொதுவான கணக்கு. வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறினால் சுமார் 1,800 மீட்டர் ஏறுகிறோம், அதாவது 11, 12 டிகிரி இறங்குகிறோம். கீழே மின்விசிறி போட்டுத் தூங்குகிற அதே இரவில் மேலே பல் கிட்டும். நீலகிரியில் டிசம்பர், ஜனவரியில் புல்லின் மேல் உறைபனியே படியும். இப்போது கடையில் விற்கும் ஸ்லீப்பிங் பேக் எனப்படும் தூக்கப்பையை எடுத்து அதன் சீட்டைக் கூர்ந்து பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 23537 என்ற பன்னாட்டுத் தர அளவுப்படி சோதித்த பையானால் மூன்று வெப்பநிலைகள் அச்சிட்டிருப்பார்கள். முதலாவது சுகமாகத் தூங்கும் வெப்பநிலை. அதைக் கணக்கிடுவது ஒரு சராசரிப் பெண்ணின் உடலை வைத்து. இரண்டாவது கடைசி வரம்பு. அதைக் கணக்கிடுவது ஒரு சராசரி ஆண் உடலைச் சுருட்டிக்கொண்டு படுப்பதை வைத்து. மூன்றாவது உயிர் தப்பும் எல்லை, அதைத் தூக்கத்துக்குக் கணக்கில் எடுக்கவே கூடாது. முதல் இரண்டு எண்களுக்கும் நடுவே பெரும்பாலான பைகளில் ஐந்து டிகிரி அளவுக்கு வித்தியாசம் இருக்கும். கடைக்காரர் பெரிய எழுத்தில் போடுவது பல நேரம் இரண்டாவது எண்ணை. கணவர் அதைப் பார்த்து ஒரே மாதிரி இரண்டு பை வாங்கிவருவார். இரவில் அவருக்கு இதமாக இருக்கும், மனைவிக்கு நடுக்கும். ‘எனக்குக் குளிரவில்லையே’ என்று அவர் சொல்வது உண்மைதான். மனைவிக்குக் குளிர்வதும் அதே அளவு உண்மை. தர அளவை வகுத்தவர்களே ஒப்புக்கொண்ட ஒன்றை வீட்டில் வாதமாக்குவதில் என்ன பொருள் இருக்கிறது?

பையைவிட முக்கியமானது அடியில் விரிப்பது. நம் எடை அழுத்தும் இடத்தில் பஞ்சு நசுங்கிப்போகும், தரை நம் சூட்டை உறிஞ்சும். கோரைப்பாயும் ஜமுக்காளமும் சமவெளிக்குப் போதும், மலைக்குப் போதாது. வெறும் காற்றடைத்த படுக்கையும் ஏமாற்றும். உள்ளே இருக்கும் காற்றே குளிர்ந்து முதுகுக்குக் கீழே சுற்றிக்கொண்டிருக்கும். அடியில் தடித்த ஃபோம் விரிப்பு, அதன்மேல் மெத்தை, அதன்மேல் வீட்டுப் போர்வை என்று அடுக்கினால் இடுப்பு வலிக்காரரும் எழுந்து நடமாடுவார். ‘இரண்டு பேர் டென்ட்’ என்று விற்பது பெரும்பாலும் 130 சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கும். ஆளுக்கு 65 சென்டிமீட்டர். திரும்பிப் படுத்தால் துணி முகத்தில் உரசும். இரண்டு பேருக்கு நான்கு பேர் டென்ட் எடுப்பதே நியாயம். உள்ளே நின்று புடவையோ சுடிதாரோ மாற்ற முடிகிற உயரம் இருந்தால் மிகவும் நல்லது. இன்னொன்று: குளிருக்குப் பயந்து எல்லாச் சாளரத்தையும் இழுத்து மூடினால் மூச்சின் ஈரம் மேல்துணியில் துளித்துளியாகக் கோத்து விடியற்காலையில் முகத்தில் சொட்டும். மழை ஒழுகுகிறது என்று பதறுவார்கள். மேல் சாளரத்தைக் கொஞ்சம் திறந்து வைத்தாலே போதும். கரி அடுப்பை மட்டும் எந்தக் குளிரிலும் கூடாரத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. அதன் நச்சுக்காற்று தூக்கத்திலேயே உயிரை வாங்கும்.

கழிப்பறை விஷயத்தை வானொலியில் பேசலாமா என்று தயங்கத் தேவையில்லை. வர மாட்டேன் என்பதற்குப் பின்னால் வெளியே சொல்லாத காரணமாகப் பல நேரம் இருப்பது இதுவே. பயணம் என்றாலே முதல் நாளிலிருந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது நம் பெண்களில் மிகப் பலருக்குப் பழகிப்போன ஒன்று. சிறுநீரை அடக்கி அடக்கித் தொற்று வந்து அவதிப்பட்டவர்களும் நம்மிடையே ஏராளம். ஆண் எழுந்து நான்கு அடி நடந்து முடித்துக்கொள்ளும் காரியம் பெண்ணுக்கு இருட்டு, பூச்சி, யார் கண்ணாவது படுமோ என்ற பயம், மாதவிடாய் நாளானால் இன்னும் ஒரு சுமை என்று வளர்ந்துகொண்டே போகிறது. இடத்தைப் பதிவு செய்வதற்கு முன் தொலைபேசியில் கேட்க வேண்டியவை இவை: கழிப்பறை கட்டடமா, மறைப்பா? கூடாரத்திலிருந்து எத்தனை அடி? உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? இரவு முழுக்க விளக்கும் தண்ணீரும் இருக்குமா? எத்தனை பேருக்கு ஒன்று? மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு இடம் பார்க்கலாம். தனியாக ஒரு சின்ன மறைப்புக் கூடாரமும், பை மாட்டிய மடக்கு இருக்கையும் எடுத்துப்போவது நடு இரவுக்கு உதவும். தேதியை மாற்ற வேண்டும் என்று மனைவி சொன்னால் காரணம் கேட்காமல் மாற்ற வேண்டும். முன்பணம் போய்விடுமே என்பதை அங்கே வாதமாக வைக்கக் கூடாது.

பயத்தைப் பற்றியும் நேர்மையாகப் பேசியாக வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் கூடாரத் தங்கலுக்கு வந்திருந்த இளம்பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார். இந்தச் செய்திகளைப் படித்தவர் பயந்தால் அது கோழைத்தனம் அல்ல, தெளிவு. ஆசைப்படுகிறவர் அந்தப் பயத்துக்குப் பதிலாகக் காட்ட வேண்டியது ஏற்பாட்டை. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் கூடாரம் போடக் கூடாது. யானை நடமாடும் வழியில் இருக்கும் இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். காட்டுத்தீக் காலமான கோடையின் தொடக்கத்தில் காய்ந்த புல்மேட்டுப் பக்கம் போக வேண்டாம். உரிமம் உள்ள இடமா, இரவில் காவலுக்கு ஆள் உண்டா, செல்பேசிக்குச் சிக்னல் கிடைக்குமா, பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பதை விசாரித்து அவரிடம் சொல்ல வேண்டும். தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை இணையவழிப் பதிவுடன் திறந்திருக்கிறது, உள்ளூர் வழிகாட்டிகள் கூடவே வருகிறார்கள். பகலில் அப்படியொரு பாதையில் நடந்துவிட்டு இரவைக் கிராமத்து ஓரமாக, ஆள் அரவம் உள்ள இடத்தில் கழிப்பது தயங்குகிறவருக்கு ஏற்ற ஏற்பாடு. மழைக்காலத்து அட்டையைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லி வைத்து, நீளக் காலுறையும் உப்பும் கையில் இருந்தால் அலறல் பாதியாகக் குறையும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒருவர் கேட்கலாம்: ‘மெத்தை, போர்வை, கட்டடக் கழிப்பறை, கட்டுசாதம் என்றால் அது என்ன கூடார வாழ்க்கை? அதற்கு அறை எடுத்தே தங்கலாமே?’ இதில் ஒரு நியாயம் இருக்கிறது. சிரமப்படுவதே சிலருக்கு இன்பம். சுமையைக் குறைத்து, கையில் உள்ளதை வைத்துச் சமாளிப்பதில் ஒரு நிறைவு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இன்பம் தானாக விரும்பி ஏற்கும் சிரமத்தில்தான் இருக்கிறது. இன்னொருவர் தலையில் ஏற்றிய சிரமம் வெறும் சிரமமே. மேலும், மனிதர் வெட்டவெளியைத் தேடிப் போவது எதற்காக? மரத்தில் காற்று வரும் ஓசைக்காக, தெருவிளக்கு மறைக்காத வானத்துக்காக, விடியலில் பள்ளத்தாக்கில் பஞ்சாகக் கிடக்கும் மூடுபனிக்காக, தொலைக்காட்சியும் அழைப்புமணியும் இல்லாத ஒரு பேச்சுக்காக. முதுகு வலிக்காமல் படுத்தவருக்கு இவற்றில் எது குறைந்துவிடும்? நன்றாகத் தூங்கி எழுந்தவர்தான் அந்த மூடுபனியைப் பார்க்கிறார். தூங்காதவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கடுமையான பயணம் வேண்டுமென்றால் அதை நண்பர்களோடு தனியாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வாதம் கொஞ்சம் வலுவானது. ‘இல்லறம் என்றால் விட்டுக்கொடுப்பதுதான். என் ஆசைக்காக ஒரு தடவை வந்தால் என்ன? வந்துவிட்டால் பிடித்துப்போகும்.’ இருவரும் சேர்ந்து புதிதாக ஏதாவது செய்வது உறவுக்கு நல்லது என்பதற்குச் சான்று உண்டுதான். ஆர்தர் ஆரன் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், தம்பதிகளைக் கையோடு கை, காலோடு கால் சேர்த்துக் கட்டி, மெத்தை விரித்த பாதையில் தவழ்ந்து ஒரு தடையைத் தாண்டிவரச் செய்தார்கள். சில நிமிட விளையாட்டுத்தான். அதன்பின் தங்கள் உறவைப் பற்றி அவர்கள் சொன்னது, சலிப்பான வேலை தரப்பட்டவர்கள் சொன்னதைவிட இனிமையாக இருந்தது. ஆனால் அதோடு வைத்துப் பார்க்க வேண்டிய மற்றொரு ஆய்வு 2002இல் வந்தது. டுவேன் கிராஃபர்டும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்கத் தம்பதிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கணவனுக்கு மட்டும் பிடித்த பொழுதுபோக்குகளில் அதிகம் ஈடுபட்ட குடும்பங்களில், மனைவி கூடப் போனாலும் சரி, கணவன் தனியே போனாலும் சரி, மனைவியின் மனக்குறை கூடியே வந்தது. சேர்ந்து இருப்பது மட்டும் போதாது, அது இருவருக்கும் பிடித்ததாக இருக்க வேண்டும் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. ஒரு தடவை வா என்று இழுத்துப்போய், அந்த ஒரு தடவையில் குளிரும் தூக்கமின்மையும் பாத்திரமும் கொடுத்தால், அடுத்த பத்து வருடத்துக்கு அந்தப் பேச்சை எடுக்க முடியாது.

விட்டுக்கொடுப்பது இரண்டு பக்கமும் இருக்க வேண்டும் என்றால், தயங்குகிறவர் கொடுப்பது ஓர் இரவு. ஆசைப்படுகிறவர் கொடுக்க வேண்டியது முடிவெடுக்கும் உரிமை. எந்த ஊர், எவ்வளவு உயரம், எந்த மாதம், யார் யார் கூட வருவது என்பதைத் தயங்குகிறவர் தேர்ந்தெடுக்கட்டும். தங்கையின் குடும்பமும் வந்தால் நன்றாயிருக்கும் என்றால் அவர்களும் வரட்டும். பக்கத்திலேயே ஓர் அறை கிடைக்கும் இடமாகப் பார்த்து, ‘இரவு எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் சொல், முகம் கோணாமல் அறைக்குப் போய்விடலாம்’ என்று உறுதி கொடுத்து, அதைக் காப்பாற்றவும் வேண்டும். திரும்பிவிடலாம் என்ற உறுதி இருக்கும்போது தங்கிப் பார்க்க மனம் துணியும். பறவை பார்ப்பதோ, படம் வரைவதோ, புத்தகத்தோடு மரத்தடியில் சாய்வதோ, அவருக்குப் பிடித்த ஒன்று அந்தப் பயணத்தின் நடுவில் இருக்கட்டும். மனைவிக்கு ஆசை, கணவருக்குத் தயக்கம் என்ற வீடுகளும் உண்டு. குறட்டைக்காகக் கூச்சப்படுகிற கணவர், முழங்கால் வலியால் தரையில் உட்கார முடியாத கணவர், வாரம் முழுவதும் வெயிலில் உழைத்துவிட்டு விடுமுறையில் கூரைக்குக் கீழே இருக்க விரும்பும் கணவர். அவர்களுக்கும் இதே நியாயம்தான்.

எல்லாம் செய்த பிறகும் அவர் வேண்டாம் என்றால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். கூடாரம் பிடிக்காததால் அன்பு குறைந்துவிட்டதாக யாரும் கணக்கெழுதத் தேவையில்லை.

கடைசியாக, பலர் மறந்துவிடும் ஒன்று. டேனியல் கானெமனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1993இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். 14 டிகிரி குளிர்நீரில் ஒரு நிமிடம் கையை வைக்கச் செய்தார்கள். இன்னொரு முறை அதே ஒரு நிமிடத்தோடு மேலும் அரை நிமிடம், அந்த அரை நிமிடத்தில் நீரை 15 டிகிரிக்கு மெல்லச் சூடாக்கினார்கள். எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். முடிவு சற்று இதமாக இருந்ததுதான் காரணம். கூடாரப் பயணத்தின் முடிவு மலையில் இல்லை, வீட்டில் இருக்கிறது. ஞாயிறு இரவு களைத்து வந்து இறங்கும்போது சேறு பிடித்த காலணி, புகை நாறும் துணி, ஈரக் கூடாரம், எண்ணெய்ப் பாத்திரம் எல்லாம் முற்றத்தில் குவிந்து, மறுநாள் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் சோறு கட்ட வேண்டிய கவலையும் சேர்ந்தால், மேலே கழிந்த நல்ல நேரம் எல்லாம் அதில் கரைந்துபோகும். ஆகையால் மதியமே கிளம்பி வெளிச்சம் இருக்கும்போதே வீடு சேருங்கள். இரவுச் சாப்பாட்டை வழியில் முடித்துக்கொள்ளுங்கள். வந்ததும் அவர் குளித்துவிட்டுப் படுக்கட்டும். ஈரத்தோடு மடித்து வைத்தால் துணியில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், ஆசைப்பட்டவர் அன்றிரவே கூடாரத்தை மாடிக் கொடியில் விரித்துப் போட்டு, பாத்திரங்களைத் துலக்கிக் கவிழ்த்துவிட்டு, திங்கட்கிழமைச் சமையலையும் தாமே பார்த்துக்கொள்ளட்டும்.